சிம்சிமியா

எகிப்து நாட்டில் பெனி ஹசன் என்னும் இடத்திலுள்ள கல்லறையொன்றின் சுவரில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. அதில் வணிகக் கூட்டத்தினருள் ஒருவர் சிறு நரம்புக் கருவியொன்றை மீட்டிக்கொண்டே கழுதையின் பின்னே நடந்து செல்கின்றார். அக்கருவியின் இனத்தைச் சேர்ந்ததே செங்கடற் கரையிலும் சூயஸ் கால்வாய்க் கரையிலும் வாழும் அரபு மக்கள் இன்றும் இசைக்கும் சிம்சிமியா.

இதனைச் செய்வதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மரத்தைக் குடைந்து செய்த கிண்ணமே இதன் குடம்; அது கிடைக்காதவிடத்து உலோகப் பாத்திரமும் போதும். அதன் வாயின்மீது தோலை இழுத்துப் போர்த்துவர். குடத்திலிருந்து இரு கொம்புகள் விரிந்து மேலெழும். அவற்றின் முனைகளை ஒரு குறுக்குக்கோல் இணைக்கும். குடத்தின் அடியில் கட்டிய ஐந்து தந்திகள், தோலின்மேல் நிற்கும் குதிரையைக் கடந்து குறுக்குக்கோலைச் சென்றடையும். முற்காலத்தில் விலங்கின் குடல் நரம்பு தந்தியாயிற்று. பின்னர் எஃகுக் கம்பி வந்தது. தந்தியைக் கோலில் துணிச்சுருளோடு சேர்த்துச் சுற்றி, அச்சுருளைத் திருகியே சுருதி கூட்டுவது பழைய முறை. இப்பொழுது முளைகள் பொருத்துகின்றனர். தந்திகளின் எண்ணிக்கையையும் கூட்டிவிட்டனர்.

வாசிக்கும் முறை நமக்குப் புதுமையாகத் தோன்றும். வீணையில் மெட்டுக்களின்மேல் தந்தியை அழுத்தி, ஒரே தந்தியிற் பல சுரங்களைப் பெறுகின்றோம் அன்றோ? சிம்சிமியாவில் ஒரு தந்திக்கு ஒரு சுரந்தான். வலக்கை எல்லாத் தந்திகளையும் ஒருங்கே மீட்டும். இடக்கை விரல்கள் தந்திகளின் பின்புறம் நின்று, ஒலிக்கலாகாத தந்திகளைத் தொட்டு அடக்கும். விடுபட்ட தந்தியின் ஒலியே பண்ணாகின்றது. ஆகவே, பேசவைக்கும் கையினும் வாய்மூடச் செய்யும் கைக்கே இங்கு வேலை மிகுதி.

1869ஆம் ஆண்டு கால்வாய் திறக்கப்பெற்றது. அதன் கரையில் வளர்ந்த போர்ட் சையது நகரில் மீனவரும், கப்பலருகே படகிற் சென்று பண்டம் விற்போரும் மாலையில் வட்டமாக அமர்ந்து, கைகொட்டிப் பாடுவர். 1956இல் எகிப்து கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. அதனையடுத்து மூண்ட போரில் இந்நகர் தாக்கப்பட்டது. அந்நாளில் சிம்சிமியாவின் பாட்டு எதிர்ப்புப் பாட்டாயிற்று.

1967ஆம் ஆண்டுப் போர் அதனினும் கொடியது. கால்வாயின் கிழக்குக் கரை பகைவர் கைப்பட்டது. கரையோர நகர மக்கள் பெரும்பாலோர் வீடு துறந்து உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். நகர் பெயர்ந்தாலும் பாட்டை விட்டாரில்லை. சூயஸ் நகரில் எஞ்சி நின்றோர், கேப்டன் கசாலி என்னும் கவிஞரோடு கூடி, 'மண்ணின் மைந்தர்' என்ற பெயரில் வீரர்களிடையே சிம்சிமியா மீட்டிப் பாடினர். கப்பல்கள் மீண்டும் செல்லத் தொடங்கியது 1975இல்தான்.

போர் அழிக்காத கலையை அமைதிக்காலம் மெலியச் செய்தது என்பது வியப்பே. ஒலிபெருக்கியும் மின்கருவிகளும் திருமண வீடுகளில் புகுந்தன, முதியவர்கள் ஒதுங்கினர். 1980களின் இறுதியில் சக்கரியா இப்ராகிம் என்பவர் போர்ட் சையதின் பழங்கலைஞர்களைத் தேடித் திரட்டி, 'எல் தன்பூரா' என்ற குழுவை அமைத்தார். 2024இல் எகிப்தும் சவூதி அரேபியாவும் சேர்ந்து வேண்ட, யுனெஸ்கோ நிறுவனம் சிம்சிமியாவை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் அதனை வாசிக்கும் கலையோடு செய்யும் தொழிலும் சேர்த்தே குறிக்கப்பெற்றுள்ளது.