மொழி மாறினால் மட்டும் போதுமா?

ஒரு சிறு சோதனை. மகனைப் பறிகொடுத்த தாய் "பெற்ற வயிறு பற்றி எரிகிறதே!" என்று அழுகிறாள். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்து, தமிழறியாத ஒரு மருத்துவரிடம் கொடுங்கள். அவர் வயிற்றெரிச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்!

ஆங்கிலேயருக்கும் இத்தகைய வழக்குகள் உண்டு. மனம் சோர்ந்திருப்பவர் தம்மை 'நீலமாக' உணர்வதாகச் சொல்வார். அதை அப்படியே ஸ்பானிய மொழியில் எழுதினால், படிப்பவர்களுக்கு நிறம்தான் தெரியும், துயரம் தெரியாது.

இது வெறும் வேடிக்கையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 6 கோடியே 21 லட்சம் ஹிஸ்பானிய மக்கள் வாழ்கிறார்கள். இவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஸ்பானியம். மனச்சோர்வு என்பது சோம்பலோ குணக்கேடோ அன்று. அது ஒரு நோய். பேச்சுவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் அதைத் தணிக்க முடியும். ஆனால் தமக்கு வந்திருப்பது நோய் என்று அறிந்தால்தானே ஒருவர் உதவியை நாடுவார்? அறிவிக்கும் சொல் புரியாவிட்டால், நோய் உள்ளேயே வளரும்.

நரம்பா, மனமா?

ஸ்பானிய மொழியில் 'நெர்வியோஸ்' என்றால் நரம்புகள். ஆனால் லத்தீன் அமெரிக்க மக்கள் நீண்டநாள் மனக்கலக்கத்தையும் அச்சொல்லாலேயே குறிப்பார்கள். பெருந்துயரம் நேரும்போது சிலர் கதறி அழுது, உடல் நடுங்கி, நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவதாக உணர்வார்கள். இதற்கு 'அத்தாக்கே தே நெர்வியோஸ்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டில் இப்பெயர் இடம்பெற்றது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலும் உள்ளது. இதை ஏதேனும் ஒரு நோயின் மறுபெயர் என்று கொள்ளக் கூடாது. இப்படித் துடித்தவர்களுள் சிலருக்கு மனநோய் இருக்கலாம். சிலருக்கு எந்த நோயும் இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'குவாகுவா' என்றால் கியூபாவில் பஸ். சிலி நாட்டிலோ கைக்குழந்தை! ஒரே ஸ்பானிய மொழிதான். ஆனால் ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது.

பூஜ்யப் பிழை

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைப் பாராத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். கழித்தல் கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது போன்றதுதான் இது. ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலார் 1970இல் இம்முறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

ஆனால் நம் 'நீலம்' என்ன ஆகும்? ஸ்பானியத்துக்குப் போய், மறுபடி 'நீலம்' என்றே திரும்பி வந்துவிடும்! சோதனையில் தேறிவிட்டது, பொருளோ தொலைந்துவிட்டது. பூஜ்யப் பிழையுள்ள வெர்னியர் அளவி நினைவுக்கு வருகிறதா? எத்தனை முறை அளந்தாலும் அதே விடைதான். ஆனால் தவறான விடை. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, படிக்கப் போகும் மக்களிடமே போய்க் கேட்க வேண்டும்.

பிரசுரமா, படக்கதையா?

லியோபோல்டோ கபாசா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் செய்தார்கள். லத்தீன் அமெரிக்காவில் 'போட்டோநொவேலா' என்பது பலருக்கும் பழக்கமான ஒன்று. புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, பாத்திரங்களின் பேச்சைப் படத்திலேயே அச்சிட்ட கதைப் புத்தகம் அது. மனச்சோர்வுற்ற ஒரு பெண் தயங்கித் தயங்கி உதவி தேடும் கதையை இந்த வடிவில் தயாரித்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் மக்களைக் குழுக்களாக அமர்த்தி, அவர்களுடைய கருத்தையும் கேட்டறிந்தார்கள்.

அடுத்து ஒரு பரிசோதனை நடந்தது. முதியோர் கல்விக்கூடம் ஒன்றில் பயின்ற 157 ஹிஸ்பானியர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் படக்கதை. மற்றதற்கு எளிய நடையில் எழுதிய துண்டுப் பிரசுரம். படிக்கும் முன்பும், படித்தவுடனும், ஒரு மாதம் கழித்தும் கேள்விகள் கேட்டார்கள்.

2013இல் வெளியான முடிவு என்ன? மனச்சோர்வு பற்றிய அறிவு இரு பிரிவிலும் உயர்ந்தது. ஆனால் 'மருந்து சாப்பிடுவது கேவலம், மனநலச் சிகிச்சைக்குப் போவது அவமானம்' என்ற எண்ணம் படக்கதை படித்தவர்களிடம்தான் அதிகமாகக் குறைந்தது. அவர்களே அதை உறவினருக்கும் நண்பருக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். செய்தியை அறிவது ஒன்று, வெட்கம் நீங்குவது வேறொன்று என்பது இதனால் தெளிவாகிறது அல்லவா?

சொல்லும் ஆளும் முக்கியம். ஆகவே 'புரோமோதோரா' எனப்படும் உள்ளூர்ப் பெண்கள், பயிற்சி பெற்று, தம் அண்டை வீடுகளிலேயே உடல்நலச் செய்திகளை விளக்குகிறார்கள். மன நெருக்கடியில் உள்ளோருக்காக அமெரிக்காவில் 2022இல் தொடங்கிய 988 என்ற தொலைபேசி எண்ணில், 2023 முதல் ஸ்பானிய மொழியில் குறுஞ்செய்தி அனுப்பியும் உதவி பெறலாம்.

அடுத்த முறை நண்பனுக்கு ஒரு பாடத்தை விளக்கும்போது, "புரிந்ததா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "உன் சொற்களில் சொல், பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்கள் விளக்கத்தின் பூஜ்யப் பிழை உடனே தெரிந்துவிடும்!