சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்!

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் தெருவுக்கு நட்டநடுவே வந்து இறங்கும், தெரியுமா? மே மாதக் கடைசியில் ஒன்று, ஜூலை இரண்டாவது வாரத்தில் ஒன்று! 1811இல் தெருக்களுக்குத் திட்டம் போட்டவர்கள் தீவின் நீளவாக்கை ஒட்டியே கோடு கிழித்தார்கள். வடக்கிலிருந்து 29 டிகிரி விலகிய அந்தச் சாய்வு தந்த அதிசயம் இது. வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதற்கு மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்று பெயர் வைத்தார். அன்றைக்கு 42ஆம் தெருவில் கேமராவோடு கூட்டம் அலைமோதும்.

எல்லோரும் மேற்கே பார்ப்பார்கள். நீங்கள் அப்படியே திரும்பி நில்லுங்கள்! கிழக்கே கண்ணாடிக் கட்டடங்கள் பற்றி எரிந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் பூச்சில்லாத சாதாரண ஜன்னல் கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது! வெளிச்சம் உரசினாற்போல் சாய்ந்து பட்டால், அதே கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பிவிடும். அதனால் சுவரை ஒட்டி நின்றும் ஒரு படம் எடுங்கள்.

இன்னும் கேளுங்கள்! இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் இரு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றையோ வாயுவையோ வைத்து அடைத்திருப்பார்கள். வெளியே வெப்பமும் காற்றழுத்தமும் மாற மாற, கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே குழியும், வெளியே உப்பும். குழிந்துவிட்டால் அது ஒளியைக் குவிக்கும் குழியாடி! எதிர்ச்சுவரைப் பாருங்கள். ஒளியால் வரைந்த பெருக்கல் குறிகள், கோணல் வளையங்கள், வரிசை வரிசையாக! சூரியன் இறங்க இறங்க, அவை சுவரில் மெல்ல மேலே ஏறும். படமெடுக்க இதைவிட அழகான விஷயம் நகரத்தில் இல்லை என்பேன்.

கட்டடமே குழிந்திருந்தால்? 2013இல் லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம் வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியே விட்டது!

படமெடுக்கும்போது ஃபோகஸைக் கண்ணாடியில் வைத்தால் பிம்பம் மங்கும், தெரியுமா? பிம்பத்துச் சூரியனும் வானத்துச் சூரியன் அளவுக்குத் தொலைவில்தான் இருக்கிறது! போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், பிரதிபலிப்பையே விழுங்கிவிடும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் பொன்னிறம் வெளிறிப்போகும், டேலைட்டில் வையுங்கள்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள், உச்சி மாடிகளுக்கு அது இன்னும் மறையவில்லை! துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். அங்கே 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் பொறுத்தே நோன்பு திறக்க வேண்டும் என்று 2011 ரமலானில் மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள். தரையில் ஒரு அஸ்தமனத்தைப் பிடித்துவிட்டு, லிஃப்டில் விறுவிறுவென ஏறினால், அதே மாலையில் இன்னொரு அஸ்தமனம்!