ஊர்ப் பிள்ளைகளை வளர்த்த பூட்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டாயைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி அங்கே விட்டுவிட்டுத்தான் நம் தாய்மார்கள் பெரட்டுக்கு ஓடினார்கள். யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார்கள் என்று நிறுத்து எழுதக் கிராணி இருந்தார். எத்தனை பிள்ளைகளை ஆளாக்கினார் என்று ஆயாவுக்குக் கணக்கு எழுத யார் இருந்தார்கள்?

என் பாட்டியைப் பெற்ற தாய், எங்கள் பூட்டி, அப்படி ஓர் ஆயா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியபோது பாவாடை கட்டிய சிறுமி என்பார். கல்யாணமாகி, பூட்டனோடு சேர்ந்து அவரும் பால்மரம் வெட்டினார்.

1942இல் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1943இல் பாதை முடிந்தது. போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பூட்டனும் திரும்பவில்லை.

அதே லயத்தில், தகப்பன் சயாமுக்குப் போக, தாய் காய்ச்சலில் இறக்க, நான்கு பிள்ளைகள் அநாதையாய் நின்றன. பூட்டிக்குச் சொந்தப் பிள்ளைகள் இரண்டு. அரிசி கிடைக்காத காலம். மரவள்ளிக்கிழங்கை அவித்து ஆறு பங்கு வைத்தார். ''எம் புள்ளைக்குப் பெரிய துண்டா வைக்கக் கை கூசும் கண்ணு'' என்று பிற்காலத்தில் எங்களிடம் சொல்வார்.

சண்டை முடிந்தபின் கொட்டாய் வேலை அவருக்கு வந்தது. தூளிகள் வரிசையாகத் தொங்கும். காலால் ஒன்றை ஆட்டிக்கொண்டே கையால் இன்னொரு பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுவார். எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சளி கட்டினால் கற்பூரவல்லிச் சாறு. காய்ச்சல் என்றால் கைவைத்தியமே கிடையாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிதான். டிரசர் பார்க்கும்வரை வாசலை விட்டு நகரமாட்டார்.

அவர் காலமானபோது கொள்ளி வைக்கச் சொந்த மகன் இருந்தார். பாடைக்குத் தோள் கொடுக்க வந்தவர்களோ, கிழங்கு தின்று வளர்ந்த அந்தப் பிள்ளைகளும் தூளியில் கிடந்தவர்களும். தலை நரைத்த ஒருவர், ''எனக்கு அம்மா முகம் தெரியாது. இவங்க முகம்தான் தெரியும்'' என்று தேம்பினார்.

இன்று எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புத் திடலாகவும் மாறிவிட்டன. லயம் போனால் கொட்டாயும் போகும். ஆயாக்களின் பெயராவது நிற்க வேண்டாமா? வகுப்பில் குடும்பப் பெயர்களை எழுதச் சொன்னால், பாட்டிக்கு மேலே பல பிள்ளைகளின் பென்சில் நின்றுவிடுகிறது.

வாசக அன்பர்களே, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். உங்கள் பூட்டியின் பெயர் என்ன, எந்த ஊர், யார் யாரை வளர்த்தார்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் பூட்டி பெயருக்குக் கீழே ஆறு பிள்ளைகளின் பெயரும் வரிசையாக இருக்கிறது. சொந்தம் எது, வளர்ப்பு எது என்று அதில் பிரித்து எழுதவில்லை.