எரியாத விளக்கு அனுமதி ஆகுமா?
ரயில் கடவைகளில் மின் எச்சரிக்கை

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 ஆம் ஆண்டில். மாகோவில் பிரிந்து, கல்ஓயா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை தாண்டி வரும் அந்தப் பாதை புணாணை, வாழைச்சேனை, கல்குடா, தேவபுரம், ஏறாவூர் வழியாக மட்டக்களப்பு நிலையத்தில் முடிகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தண்டவாளமே இல்லை. ஆகவே இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மாணவிகளில் ஒரு பகுதியினர் ஒவ்வொரு நாளும் தண்டவாளத்தைக் கடப்பவர்கள். மற்றவர்கள் கொழும்புப் பயணத்திலோ சுற்றுலாவிலோ மட்டும் அதைக் காண்பவர்கள். இரு சாராருக்கும் ஆபத்து உண்டு. முன்னவருக்கு அது பழகிவிட்டது. பின்னவருக்கு அது பழக்கமே இல்லை.

வீதியும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடத்தை ரயில் கடவை என்கிறோம். நம் நாட்டில் அது பல வகையாக இருக்கிறது. சிலவற்றில் கேற்றும் காப்பாளரும் உண்டு. சிலவற்றில் சிவப்பு விளக்கும் மணியும் உண்டு. இன்னும் பலவற்றில் பெருக்கல் குறி போன்ற ஒரு பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. வயலுக்கும் வாவிக்கரைக்கும் போகும் சிறு ஒழுங்கைகளில் சில வேளை அந்தப் பலகைகூட இருப்பதில்லை.

நமது பெற்றோர் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். பழைய ஓட்டமாவடிப் பாலத்திலும் மன்னம்பிட்டிப் பாலத்திலும் ரயிலும் பஸ்ஸும் லொறியும் ஒரே தளத்தில்தான் மாறி மாறிச் சென்றன. மன்னம்பிட்டியில் வாகனங்களுக்கெனத் தனிப் பாலம் திறக்கப்பட்டது 2007 இல்தான். "ரயில் வரும் வரை வாகனங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும்" என்று வாப்பாமார் சொல்லும் கதைகளுக்குக் காரணம் அதுதான். அங்கே காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. கடவையில் வழி திறந்து கிடக்கிறது. அதனால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

தண்டவாளமே மின்கம்பி

ரயில் வருவது விளக்குக்கும் மணிக்கும் எப்படித் தெரிகிறது? யாராவது தூரத்தில் இருந்து ஆளியை அழுத்துகிறார்களா? தானியங்கிக் கடவைகளில் அதற்கு ஆள் தேவையில்லை. தண்டவாளமே சொல்லிவிடுகிறது.

இரண்டு தண்டவாளங்களும் உருக்கினால் ஆனவை. உருக்கு மின்னைக் கடத்தும். கடவையைச் சுற்றியுள்ள தண்டவாளத்தில் ஒரு குறிப்பிட்ட நீளத்தை, மின் கடத்தாத இணைப்புகள் மூலம் மற்றப் பகுதியிலிருந்து பிரித்து வைக்கிறார்கள். அந்தத் துண்டின் ஒரு முனையில் குறைந்த அழுத்தமுடைய பற்றரி ஒன்று இணைக்கப்படுகிறது. மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்த ஆளி இணைக்கப்படுகிறது. மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தால் போய், ரிலேயின் சுருளுக்குள் புகுந்து, மற்றத் தண்டவாளத்தால் திரும்பி வருகிறது. சுருளில் மின் ஓடும்வரை அது காந்தமாக இருந்து ஆளியின் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ரயில் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது? ரயிலின் சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும் உலோகம். அவை இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுகின்றன. வாய்க்காலை மேலே வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாதல்லவா? அதுபோல மின்னோட்டம் இலகுவான குறுக்கு வழியால் திரும்பிவிடுகிறது. ரிலேக்கு மின் கிடைப்பதில்லை. காந்தம் செயலிழக்க, நாக்கு தன் பாரத்தால் கீழே விழுகிறது. விழும்போது வேறொரு சுற்றை மூடுகிறது. சிவப்பு விளக்குகள் எரிகின்றன, மணி ஒலிக்கிறது.

இந்த ஏற்பாட்டைத் தந்தவர் வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர். அவர் முதலில் செய்து பார்த்தது வேறு முறை: ரயில் வந்து சுற்றை மூடினால் மின் ஓடும், அறிவிப்புக் கிடைக்கும். நமது வீட்டு வாசல் மணி போல. அதில் ஒரு குறை இருந்தது. கம்பி அறுந்தாலும் பற்றரி தீர்ந்தாலும் மணி சும்மா இருக்கும். ரயில் வராதபோதும் அது சும்மாதான் இருக்கும். இரண்டு மௌனங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே அவர் முறையைத் தலைகீழாக்கி, எப்போதும் மின் ஓடிக்கொண்டே இருக்கும் சுற்றுக்கு 1872 இல் காப்புரிமை பெற்றார்.

இதன் சிறப்பை ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். றொபின்சன் முறையில் மின்சாரம் உழைப்பது மணி ஒலிக்காமல் இருப்பதற்காக. பற்றரி தீர்ந்தால் ரிலே விழும், மணி ஒலிக்கும். கம்பி அறுந்தால் மணி ஒலிக்கும். தண்டவாளம் முறிந்து பிளந்தாலும் பெரும்பாலும் மணி ஒலிக்கும். சந்தேகம் வந்தால் "ஆபத்து" என்றே சொல்ல வேண்டும் என்பது இந்தக் கருவியின் அடிப்படைக் கொள்கை. விளக்கும் மணியும் வேறு பற்றரிகளில் இயங்குவதால் ஊரில் மின் தடைப்பட்டாலும் அவை சிறிது நேரம் வேலை செய்யும். சிவப்பு விளக்குகள் இரண்டு வைப்பதற்கும் காரணம் உண்டு. மாறி மாறி மின்னும் ஒளி கண்ணை இழுக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது மிஞ்சும்.

வீதிக்கு எச்சரிக்கை காட்டும் வடிவமும் படிப்படியாக வந்ததுதான். முன்பு காவலாளி ஒருவர் இரவில் சிவப்பு லாந்தரைப் பக்கவாட்டில் ஆட்டி வண்டிகளை நிறுத்துவார். 1909 அளவில் கலிபோர்னியாவில் மின் ட்ராம் பாதைகளை நடத்திய பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஆல்பர்ட் ஹன்ட், அந்தக் கையசைவையே இயந்திரமாக்கினார். சிவப்பு விளக்குப் பொருத்திய வட்டத் தட்டு ஒன்று மணியோசையுடன் ஊசல்போல ஆடியது. இன்றைய மின்னும் இரட்டை விளக்கும் அந்த லாந்தரின் வழித்தோன்றல்தான்.

முப்பது செக்கன்களின் கணக்கு

மணி ஒலித்து எவ்வளவு நேரத்தில் ரயில் வரும்? அமெரிக்க விதியின்படி குறைந்தது 20 செக்கன்கள் முன்னரே எச்சரிக்கை தொடங்க வேண்டும். நாம் 30 செக்கன்கள் என்று வைத்துக் கணிப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 16.7 மீற்றர். 30 செக்கன்களில் ரயில் 500 மீற்றர் வரும். ஆகவே கடவைக்கு 500 மீற்றருக்கு அப்பாலேயே அது கண்டுபிடிக்கப்பட வேண்டும். வேகம் 80 கிலோமீற்றர் என்றால் அந்தத் தூரம் 667 மீற்றர் ஆகிறது.

நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் கடப்பதாக எடுங்கள். பெட்டியின் நீளத்தையும் சேர்த்து அது 18 மீற்றர் நகர்ந்தால்தான் முழுமையாக மறுபக்கம் சேரும். அதற்கு 13 செக்கன்கள் வேண்டும். மணி ஒலித்தபின் "கொஞ்சம் பார்ப்போம்" என்று தயங்கி, பிறகு இறங்குபவருக்கு மிஞ்சும் நேரம் மிகக் குறைவு.

"சாரதி பிரேக் போடமாட்டாரா?" என்று சிலர் கேட்பார்கள். போடுவார்; ரயில் நிற்காது. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு குறைவு. ரயிலின் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.5 மீற்றர் என்று கொண்டால், 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் நிற்க 278 மீற்றர் வேண்டும். 80 கிலோமீற்றர் என்றால் 494 மீற்றர். 200 மீற்றர் தூரத்தில் சாரதி உங்களைக் கண்டு அந்தக் கணமே பிரேக் போட்டாலும், ரயில் உங்களை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர் அளவில் இருக்கும். உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் இயக்கச் சமன்பாடே இதைச் சொல்கிறது.

கண்ணும் நம்மை ஏமாற்றும். பெரிய பொருள் தூரத்தில் வரும்போது மெதுவாக வருவதாகவே தோன்றும். நேராக நம்மை நோக்கி வரும் ரயிலின் உருவம் தொடக்கத்தில் பெரிதாக மாறுவதில்லை. கடைசிச் சில செக்கன்களில்தான் திடீரென்று பெருக்கும். "ரயில் தூரத்தில்தானே நிற்கிறது" என்று நினைப்பவரின் பிழை இதுதான்.

கருவிக்கும் எல்லை உண்டு

இத்தனை கவனமாக அமைத்த கருவி ஒருபோதும் தவறாதா? தவறும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் துரு படிந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் மின் சரியாகக் கடக்காது. அப்போது ரயில் மேலே நின்றாலும் ரிலே விழாமல் இருக்கக்கூடும். ரயில்கள் அடிக்கடி ஓடும் பாதையில் சக்கரங்களே துருவைத் தேய்த்துவிடும். நமது பாதையில் நாளொன்றுக்கு ஓடுபவை சில ரயில்களே. வாவியும் கடலும் சூழ்ந்த நிலத்தில் இரும்புக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்பது நம் வீட்டு யன்னல் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும். இத்தகைய இடங்களுக்காகவே, சக்கரங்களை எண்ணும் கருவிகள் வந்துள்ளன. நுழைந்த சக்கரங்களின் எண்ணிக்கையும் வெளியேறிய எண்ணிக்கையும் சமமானால்தான் பாதை வெறுமை என்று அவை ஏற்கும்.

விளக்கும் மணியும் உள்ள கடவைகளில்கூட மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். நம் நாட்டில் அப்படிப் பல கடவைகளில் பொலிஸ் திணைக்களத்தினூடாகக் காப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் இரவும் பகலும் நின்ற அவர்கள், நியாயமான சம்பளம் கேட்டுப் பலமுறை பணிப்புறக்கணிப்பில் இறங்கியதைச் செய்திகளில் கண்டிருப்போம். நூற்றுக்கணக்கான உயிர்களைக் காப்பவரின் உழைப்புக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

காப்பாளர் இருந்தும் துயரம் நடந்திருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று தமிழ்நாட்டின் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், கடவையைக் கடந்த பாடசாலை வேன் ஒன்றில் பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே கேற் இருந்தது, காப்பாளரும் இருந்தார். ஆனால் கேற்றும் ரயிலுக்கான சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கவில்லை. பிணைக்கப்பட்ட கடவையில் கேற் மூடிப் பூட்டப்படும் வரை ரயிலுக்குச் சிவப்பு விளக்கே எரியும். ஒரு மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. அந்த விபத்தின் பின்னர், ரயில்களின் எண்ணிக்கையையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் அளவு 10,000 ஐத் தாண்டும் கடவைகளுக்கு இருந்த இந்தப் பிணைப்பை, 2,500 ஐத் தாண்டும் கடவைகளுக்கும் விரிவாக்குமாறு இந்திய ரயில்வேக்கு உத்தரவிடப்பட்டது. மூன்று பிள்ளைகள் போன பிறகு வந்த உத்தரவு அது.

எச்சரிக்கை சரியாக இருந்தும் பயன்படாத நாளும் உண்டு. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலவுக்கு அருகே யங்கல்மோதரையில், ரயிலை முந்திக் கடந்துவிடலாம் என்று போன பஸ் ஒன்றில் ரயில் மோதியது. 35 பேருக்கு மேல் உயிரிழந்தனர். போட்டி போட்டு ஓடிய சாரதியின் அவசரத்துக்கு, பின்னால் அமர்ந்திருந்த பயணிகள் விலை கொடுத்தார்கள்.

நாம் கைக்கொள்ள வேண்டியது

எரியும் விளக்கு "நில்" என்கிறது. அதை எல்லோரும் அறிவோம். எரியாத விளக்கு "போ" என்று சொல்வதில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கடவை விளக்கில் பச்சை நிறமே இல்லாததைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒருபோதும் அனுமதி தருவதில்லை. பார்த்துக் கடக்கும் பொறுப்பு எப்போதும் நம்மிடமே இருக்கிறது.

ஆகவே மாணவிகளே, கடவையை நெருங்கும்போது காதிலுள்ள கருவியைக் கழற்றுங்கள். சைக்கிளை விட்டு இறங்கி இரு பக்கமும் பாருங்கள். மழை இருட்டிலும் மக்ரிபுக்குப் பின்னரும் கண்ணைவிடக் காதை அதிகம் நம்புங்கள். "இந்த நேரம் ரயில் இல்லை" என்ற மனக்கணக்கை விட்டுவிடுங்கள். தாமதமாக வரும் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் நமது நேரசூசி தெரியாது.

பெற்றோரே, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன், ஓட்டோ சாரதியிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கடவையில் நீங்கள் நிற்பீர்களா?" தாமதமாகப் பாடசாலை சேரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அந்தத் தாமதம் கடவையில் நின்றதால் வந்ததா என்று விசாரியுங்கள். உங்கள் ஒழுங்கையில் பலகை இல்லாத கடவை இருந்தால், பழுதான விளக்கு இருந்தால், ஊர்ச் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்து எழுத்தில் ரயில்வே திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஆபத்து என்றே கொள்ள வேண்டும் என்று ஒரு ரிலேக்கு 1872 இல் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். அதே பாடத்தை நாமும் கற்றுக்கொண்டால், ஒரு கடவையில் செலவாகும் அரை நிமிடம் நமக்குப் பெரிதாகத் தோன்றாது.