பழவேற்காடு ஏரியைவிட ஆழமான இறக்கம்

மூன்றரை மணி நேரம் சமர்த்தாகத் தூங்கி வந்த குழந்தை, மீனம்பாக்கம் நெருங்கியதும் வீறிட்டு அழத் தொடங்கியதாம். டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் தங்கைக்கு, இரண்டு நாள் கழித்து அதைச் சொல்லும்போதும் முகம் வாடிப்போனது. முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தாராம். பக்கத்து இருக்கை அம்மா, “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க” என்றாராம். சக்கரம் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்திருக்கிறது.

இதை அவள் சொல்லிக்கொண்டிருந்தது பழவேற்காட்டில், லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தருகே. பூநாரை பார்க்கப் போயிருந்தோம். கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே கேட்டார்: “ஏம்மா, எறங்கும்போது புள்ளைக்குப் பால் குடுத்தியா?”

“தூங்குதேன்னு விட்டுட்டேன், ஐயா.”

“அதான். கடல்ல வலை சிக்கிக்கிச்சின்னா முங்கித்தான் எடுக்கணும். முங்குனா காது அடைக்கும். எச்சி முழுங்குனா விட்டுடும். பச்சப்புள்ளைக்கு அது தெரியுமா?”

விமானத்தில் கால் வைத்ததில்லை என்றார் அவர். ஆனால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார்.

பயணிகள் விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்குள்ள காற்றில் மனிதர் பிழைக்க முடியாது என்பதால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். தரைமட்ட அழுத்தத்துக்கே நிரப்பினால் விமானத்தின் உடல் அதைத் தாங்கும்படி இன்னும் கனமாக இருக்க வேண்டும். அதனால் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உதகமண்டலம் 2,240 மீட்டர், அதாவது சுமார் 7,350 அடி. ஆக, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் குழந்தை வழியெல்லாம் ஊட்டிக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஊட்டி மலை ரயில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விமானத்தில் அதே இறக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த அழுத்த மாற்றம் எவ்வளவு? 8,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மிச்சக் கால் பங்கு, தரையிறங்கும்போது செவிப்பறை மேல் வந்து சேர்கிறது. தண்ணீர்க் கணக்கில் இது இரண்டரை மீட்டர் ஆழத்துக்குச் சமம். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்க முடிகிறதென்றால், ஏரி அவ்வளவு ஆழம் குறைந்தது என்பதால்தான். விமானம் தரையிறங்கும்போது நம் கைக்குழந்தை இந்த ஏரியின் சராசரி ஆழத்தைவிடக் கீழே முங்குகிறது. தண்ணீர் மட்டும்தான் இல்லை.

பெரியவர்களுக்குக் காது லேசாக அடைத்து ‘பட்’டென்று விட்டுவிடும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் யூஸ்டேசியன் குழல் இணைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் வந்த பெயர் அது. வழக்கமாக மூடியே கிடக்கும் இக்குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். விமானம் ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து தானே வெளியேறிவிடுகிறது. இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் கூடிவரும் அழுத்தம் குழலின் வாயை இன்னும் இறுக்கி மூடுகிறது. தசை இழுத்துத் திறந்தால்தான் வழி. அதுவரை செவிப்பறை உள்நோக்கி வளைந்து வலிக்கும்.

குழந்தைக்கு இந்தக் குழல் பெரியவர்களுடையதில் பாதி நீளம்தான். சரிவும் குறைவு, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். திறக்கும் தசையும் பழகவில்லை. சளி பிடித்திருந்தால் குழலின் வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கும் குழந்தை விழுங்குவது மிகவும் குறைவு. ‘அப்பாடா, தூங்கிவிட்டது’ என்று நாம் நிம்மதியடையும் நேரம்தான் காதுக்கு ஆபத்தான நேரம்.

அந்தக் காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களில் புறப்படும் முன் தட்டில் மிட்டாய் நீட்டுவார்கள். சப்பினால் எச்சில் விழுங்குவோம் என்ற யோசனை சரி, நேரம்தான் தவறு. வலி வருவது இறங்கும்போது.

நம் வீடுகளில் ஒரு குறுக்குவழி உண்டு: பயணத்துக்கு முன் சளி மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவது. இதைவிட மோசமான யோசனை இல்லை. காதடைப்பைத் தடுக்க, மூக்கடைப்பு நீக்கும் மருந்து ஒன்றை விமானத்தில் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் அமெரிக்காவில் வெளியானது. வலி குறையவில்லை, தூக்கம்தான் கூடியது. குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை உறையிலேயே அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. குழந்தைக்குக் கடும் சளியோ காதில் சீழோ இருந்தால், டிக்கெட் எடுத்தாயிற்றே என்று பார்க்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர் சொன்ன வழிதான் வழி. தரையிறங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே குழந்தையை எழுப்பிவிட வேண்டும். எழுப்பி, படுக்க வைக்காமல் தலையை நிமிர்த்திப் பிடித்துத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கலாம். ஒரேயடியாகக் குடித்து முடித்துவிட்டால் பயனில்லை. சக்கரம் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்க வேண்டும். அதற்குத் தோதாக முந்தைய பாலை முன்கூட்டியே கொடுத்துப் பசியை ஒதுக்கி வைப்பது கெட்டிக்காரத்தனம். நடக்கும் வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரை உறிஞ்சுகுழலில் கொடுக்கலாம். கடலை, கெட்டி மிட்டாய் வேண்டாம், குலுங்கும் விமானத்தில் புரையேறும்.

இத்தனைக்குப் பிறகும் அழுதால்? அழட்டும். வாய் அகலத் திறப்பதிலும் இடையிடையே விழுங்குவதிலும் குழல் திறக்க வாய்ப்பிருக்கிறது. முன் இருக்கைக்காரர் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று இருக்கை விழுந்தால் இவை எதுவும் நடக்காது. பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவரோ காப்பாளரோ பக்கத்தில் இருக்கும்படி இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இருக்கை பிரிந்தால் கேட்டு வாங்குங்கள்.

அன்று ஏரியில் இளஞ்சிவப்புக் கூட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் சில பூநாரைகள் நின்றன. இளம் பறவைகள். நிறம் ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில்; இவை அங்கிருந்து பறந்து வந்தவையாக இருக்கலாம். தங்கை அந்தச் சாம்பல் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுங்களுக்குக் காது வலிக்காதா, அண்ணா?” என்றாள். பறவைகளுக்கும் இதே குழல் உண்டு. இரு காதுக் குழல்களும் அண்ணத்தில் ஒரே பிளவில் வந்து திறக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வலிக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விமான நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கைப் பட்டையைக் கட்டச் சொல்லும் அறிவிப்புக்கு முன்னால், இறக்கம் தொடங்கும்போதே தமிழில் ஒரு வரி சேருங்கள்: “கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இப்போது குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்கலாம்.”