ஒழுகும் பாக்கெட்டைத் துடைத்து வைக்காதீர்கள்

மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட்டைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது. கேட்டால், "பக்கத்துல இருந்தது ஒழுகியிருக்கும்மா" என்று துணியால் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார் கடைக்காரர். ஒழுகியது எது என்று யாரும் தேடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் அதுவும் விற்றுப்போகும். வீட்டுக்கு வந்தபின் கவனித்தவரோ, கோபத்தில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் புகார் எண்ணைத் தேடுகிறார். சான்று குப்பை வண்டியில் போனபின் எந்த அலுவலகம் என்ன செய்யும்?

எண்ணெய் வெளியே வருகிற வழியில்தான் காற்றும் ஈரமும் உள்ளே போகின்றன. எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும், மசாலாப் பொடி கட்டிதட்டும். டின்னில் அடைத்த மீன், இறைச்சி என்றால் உயிருக்கே ஆபத்து. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டின் சால்மன் மீன் சாப்பிட்ட முதியவர்கள் 4 பேரை போட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய் தாக்கியது. 2 பேர் இறந்தார்கள். டின்னில் இருந்த சிறு துளை வழியாக, அது ஆறும்போது கிருமி உள்ளே போயிருந்தது.

உப்பிய பாக்கெட் எல்லாம் கெட்டதல்ல. சிப்ஸ் பாக்கெட்டில் நைட்ரஜன் அடைக்கிறார்கள். அது சப்பையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இட்லி மாவு புளித்து உப்புவது இயல்பு. ஆனால் டின், ஜூஸ் அட்டைப்பெட்டி, பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் உப்பியிருந்தால் திறக்காதீர்கள். ருசி பார்க்கவே பார்க்காதீர்கள்.

பேக்கிங் செய்பவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுநடுவே ஒரு பாக்கெட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. சீல் விழும் இடத்தில் துளி எண்ணெயோ பொடியோ ஒட்டினாலும், சூடு குறைந்தாலும், சீலரின் டெஃப்லான் துணி தேய்ந்தாலும் மயிரிழை வழி விழும், கைக்குத் தெரியாது. வெற்றிடத் தொட்டியில் பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலே உள்ள காற்றை உறிஞ்சினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். சிறு தொழிலுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆனால் இதில் மாதிரி பாக்கெட்டுகளை மட்டுமே பார்க்க முடியும். பார்க்கிறவர் அசந்தால் குமிழி தப்பிவிடும்.

தானியங்கி இயந்திரத்தில் தண்ணீர் வேண்டாம். பாக்கெட்டை மூடிய அறைக்குள் வைத்து வெற்றிடமாக்குவார்கள். கசிவு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். சென்சார் அதை அளந்து பாக்கெட்டை ஒதுக்கும், முடிவைப் பதிவும் செய்யும். ஆனால் இயந்திரம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வேண்டுமென்றே துளையிட்ட பாக்கெட்டை உள்ளே விடுங்கள். அதை ஒதுக்கவில்லையா, லைனை நிறுத்துங்கள். முந்தைய சரியான சோதனைக்குப் பின் அடைத்த சரக்கு முழுவதையும் தனியே வையுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்களோ, உரிமம் சுவரில் தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சீல் சோதனைப் பதிவேட்டைக் கேட்பவர் அரிது. கேட்டால்தானே எழுதுவார்கள்!

இனி, வாங்கியவர் செய்ய வேண்டியது.

பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒழுகும் இடம், லாட் எண், தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண், கடை பில் ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுங்கள். லாட் எண் இல்லாத புகாரை வைத்து, கடையில் எந்தச் சரக்கிலிருந்து மாதிரி எடுப்பார்கள்?

பொருள் கெட்டிருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. அச்சிட்ட அளவைவிடக் குறைந்திருந்தால் அது வேறு அலுவலகம்: தொழிலாளர் துறையின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). இடம் மாற்றிக் கொடுத்தால் "எங்களுக்கு வராது" என்று அலைய விடுவார்கள். அதனால் கெட்டதா, குறைந்ததா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நீங்களே பகுப்பாய்வும் கேட்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40 அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் உண்டு, குறை உறுதியானால் அது திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனையைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்: பகுப்பாய்வுக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும். ஆகவே அதே லாட்டில் இன்னொன்றை, சொல்லிவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

இழப்பீட்டுக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உடல்நலம் கெட்டிருந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததோடு திருப்திப்படாதீர்கள். உங்களுக்கு நல்ல பாக்கெட் கிடைத்துவிட்டது. அதே லாட் இன்னும் எத்தனை கடைகளில் இருக்கிறதோ! புகாரின் பதிவு எண்ணைக் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.