தோழர் கூடிக் குறும்படம் எடுத்தல்

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் நாஞ்சில் நாட்டார்க்குப் புதிய செய்தியன்று. மார்கழித் திருவிழாவிற் சுசீந்திரத்துத் தேர் நிலைவிட்டு நகருங்கால், வடம் பிடித்தார் அனைவரின் வலியும் ஒன்றாய்த் திரண்டாலன்றி அஃது ஓரடியும் பெயராதென்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். குறும்படம் எடுத்தலும் அத்தகையதொரு தொழிலே. கவிதை எழுதுவார் தனியே இருந்து எழுதலாம். சித்திரம் தீட்டுவார் தனியே இருந்து தீட்டலாம். படம் எடுப்பார்க்கோ தோழர் வேண்டும். கைப்பொருள் மிகுதியாக இல்லாத மாணவர் சிலர் தம்முட் கூடி ஒரு சிறு படத்தை எடுத்து முடித்தற்குரிய முறைகளை, யாம் கற்றவாறும் தவறியவாறும், நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

குறும்படம் என்றவுடன் அதனைப் பெரும்படத்திற்கு ஏணிப்படி என்று மட்டும் கருதுவார் உளர். அது முற்றும் பொருந்தாது. 1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் மக்கட்குக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவினவே. எனவே சினிமாக் கலை குறும்படமாகவே பிறந்தது என்னலாம். மூன்று மணி நேரப் படம் பின்னர் வளர்ந்த வளர்ச்சியே.

இக்கலைக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியல் என்பாரின் வரலாற்றை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். சிலம்பம், களரி முதலிய படைக்கலப் பயிற்சியிற் பெரு விருப்பினரான அவர், அவ்வித்தையை நாடறியச் செய்தற்குச் சினிமாவே தக்க வழியெனத் துணிந்தார். அந்நாளில் அத்தொழிலைக் கற்பிக்கும் பள்ளி யாதும் இந்நாட்டில் இல்லை. சென்னைக்குச் சென்று பயன் காணாது, பம்பாய்க்குச் சென்றார். தாம் ஓர் ஆசிரியர் என்றும், மாணவர்க்குப் படத்தொழிலைப் பற்றிக் கற்பிக்க வேண்டியுள்ளதென்றும் கூறியே படநிலையங்களுட் புகுந்து, கண்டுங் கேட்டும் கற்றார் என்பர். பின்னர்த் தம் நிலத்தை விற்றுக் கருவிகள் வாங்கித் திருவனந்தபுரத்திற் படநிலையம் நிறுவி, ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப் படத்தை எடுத்தார். கதை எழுதியவரும், இயக்கியவரும், காமிராவைக் கையாண்டவரும், தலைவனாக நடித்தவரும் அவரே. மலையாளத்தின் முதற் படம் என இன்று போற்றப்பெறுவது அதுவே.

ஆயினும் அம்முயற்சி அவர்க்குத் தந்தது யாது? அப்படத்தில் உயர்குல மங்கையாக நடித்த பி. கே. ரோசி, ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். அது பொறாத கூட்டத்தார் கொட்டகையிற் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியல் பொருளிழந்து படத்தொழிலைக் கைவிட்டார். செலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் தேடிக் கண்டு எழுதும்வரை அவர் பெயரை உலகம் மறந்திருந்தது. 1975ஆம் ஆண்டில் அவர் அகத்தீசுவரத்திலேயே காலமானார். கேரள அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது 1992இல். அவர் எடுத்த படமோ இன்று நமக்குக் கிட்டுமாறில்லை.

டேனியல் நிலம் விற்று வாங்கிய கருவியின் வேலையை இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி செய்கின்றது. பிலிம் சுருள் வாங்குதலும், அதனைக் கழுவுதலும், படி எடுத்தலும் இன்று வேண்டுவதில்லை. இம்மாற்றத்தால் நேர்ந்த பயனை நாம் கண்டிருக்கின்றோம். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிற் குறும்படம் காட்டிய இளைஞருள் கார்த்திக் சுப்புராஜ் 2012இல் ‘பீட்சா’வையும், நலன் குமாரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ படத்தையும் தந்தனர். பாலாஜி மோகன் தம் குறும்படத்தையே விரித்து, ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்று 2012இற் பெரும்படமாக்கினார்.

கருவி எளிதாயிற்று, கலை எளிதாயிற்றோ எனின், இல்லை. அதனைக் கற்கும் வழி இன்றும் ஒன்றே: ஒன்றை எடுத்து முடித்தல். வங்கத்துச் சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக இருந்தார், விடுமுறை நாள்களிலேயே படம் எடுத்தார். காமிராவைக் கையாண்ட சுப்ரத மித்ரா 21 வயதினர். அதற்குமுன் சினிமாக் காமிராவைத் தொட்டு வேலை செய்தறியாதவர். நாணற்பூக்கள் வெண்மையாய்ப் பூத்திருந்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் எஞ்சிய பகுதியை எடுக்கச் சென்றபோது, மாடுகள் அப்பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்தே அக்காட்சியை முடித்தனர். நூல்கள் பல கற்றதினும் அம்முதல் நாள் வேலையிற் கற்றது மிகுதி என்று ராய் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

இனி முறைகளைக் கூறுவோம்.

முதலாவது கதை. நம் கைக்கு எட்டியவற்றைக் கொண்டே கதை அமைத்தல் வேண்டும். யாம் முதலில் எண்ணியது முட்டத்துக் கடலிற் படகு கவிழ்ந்த பெருங் கதை. படகும் இல்லை, புயலும் இல்லை, நீந்தத் தெரிந்தவரும் எம்முள் ஒருவரே. அதனைக் கைவிட்டு, மழைநாளிற் கல்லூரிக்குப் பேரனுக்குக் குடை கொண்டுவரும் பாட்டனார் ஒருவரின் கதையை எடுத்துக்கொண்டோம். குடை எம்மிடம் இருந்தது. பாட்டனாரும் எம் தோழர் ஒருவர் வீட்டில் இருந்தார். இருமழையும் பெறும் நம் நாட்டில் மழைக்கும் குறைவில்லை. எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது இத்தொழிலார் கொள்ளும் கணக்கு. ஆதலின் எட்டுப் பக்கத்திற்கு மேற்பட எழுதாதிருத்தல் முதன்முறை முயல்வார்க்கு நன்று.

இரண்டாவது காட்சிகளைப் பிரித்தல். இடமும் ஆளும் ஒருங்கே தோன்றும் லாங் ஷாட், இடுப்பளவிற் காட்டும் மிட் ஷாட், முகத்தை மட்டும் காட்டும் குளோசப் என்னும் மூன்றையும் முன்னரே தாளில் வரைந்துகொள்ள வேண்டும். சித்திரம் அழகாயிருத்தல் வேண்டா, கோடுகள் போதும். தாளில் வரையாது சென்றால், வெயில் போகும்வரை விவாதமே நிகழும். இருவர் உரையாடுங்கால் அவ்விருவர்க்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக எண்ணி, அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே காமிரா நிற்றல் வேண்டும். மறுபக்கம் தாண்டினால், எதிரெதிர் நிற்பவர் ஒரே திசையை நோக்குவார்போலத் தோன்றுவர்.

ஷாட்டுகளை அடுத்தடுத்து வைப்பதனாற் பிறக்கும் பொருளே இக்கலையின் உயிர். ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன் ரஷியாவில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணின் உருவத்தோடும் மாறிமாறி இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, கண்டாரோ பசியையும் துயரையும் காதலையும் அம்முகத்திற் கண்டு நடிப்பை வியந்தனர் என்பர். எம் பாட்டனார்க்கு வசனம் நினைவில் நிற்கவில்லை. வசனத்தை எடுத்துவிட்டு, அவர் வாயிலை நோக்கி நிற்கும் முகத்தையும், வகுப்பு முடிந்து வெளிவரும் மாணவர் கூட்டத்தையும் இணைத்தோம். படத்திற் பலரும் பாராட்டிய பகுதி அதுவே.

மூன்றாவது ஒளி. உச்சி வெயில் கண்களின்கீழ் நிழல் வீழ்த்தி முகத்தைக் கெடுக்கும். காலையும் மாலையும் ஏற்றவை. வெயிலுக்கு எதிர்ப்புறம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை ஒருவர் பிடித்தால், முகத்தின் இருண்ட பக்கம் மெல்லத் தெளியும். விளக்கொளியை நேரே முகத்திற் பாய்ச்சாது, வெள்ளைச் சுவரிலோ துணியிலோ படச்செய்து திரும்பவரும் ஒளியிற் படம் எடுத்தலும் நல்முறை. ‘அபராஜிதோ’ படத்திற்காகச் சுப்ரத மித்ரா கையாண்டு புகழ்பெற்றது இம்முறையே. கைப்பேசி தானாகவே ஒளியை ஏற்றியிறக்குமாதலால், திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிக்கொள்ளல் வேண்டும்.

நான்காவது ஒலி. படம் சற்று மங்கினாற் காண்பார் பொறுப்பர். பேச்சுக் கேளாவிடிற் பொறார். முட்டத்துப் பாறைமேல் எடுத்த எம் காட்சி முழுவதிலும் காற்றின் இரைச்சலே நிறைந்திருந்தது. ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த கடற்கரையன்றோ என்னும் பெருமிதத்திற் சென்ற எமக்கு, அப்பெரும்படக்காரர் பேச்சைப் பின்னர்க் கூடத்திற் பதிவு செய்யும் வழக்கினர் என்பது நினைவிற்கு வரவில்லை. மேல்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிப் பக்கம் பேச்சுக் காட்சி எடுக்க எண்ணுவாரும் இதனைக் கருதுக. மற்றொரு கைப்பேசியைப் பேசுவார் மார்புக்கருகே துணிக்குள் மறைத்துவைத்து ஒலியைத் தனியே பதிவு செய்யலாம். காட்சி முடிந்தபின் எவரும் பேசாது அரை நிமிடம் அவ்விடத்து வெற்றொலியைப் பதிதலும் வேண்டும். வெட்டி ஒட்டுங்கால் இடைவெளியை நிரப்ப அது பெரிதும் உதவும்.

ஐந்தாவது தொடர்ச்சி. முதல் நாட் பாட்டனார் ஏந்தியது கறுப்புக் குடை. மறுவாரம் யாரோ கொண்டுவந்தது நீலக் குடை. வாயிலிற் கறுப்பாக இருந்த குடை படியேறும்போது நீலமாயிற்று! ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஆடை, கைப்பொருள், நின்ற இடம் ஆகியவற்றை நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுதற்கென்றே ஒருவரை அமர்த்துதல் நலம்.

செலவோ எனின், எம் கணக்கிற் பெரும்பகுதி உணவும் பேருந்துக் கட்டணமுமே. உணவிற் சிக்கனம் செய்தல் கூடாது. ஊதியமின்றி உழைப்பவர்க்குப் பசி வந்தாற் படத்தின்மேல் அன்பு போய்விடும். பிறர் இசையை எடுத்தாளாது, பாடவோ இசைக்கவோ அறிந்த தோழரையே நாடுக. அரண்மனை, ஆலயம், நிலையம் முதலிய இடங்களில் முன்னரே இசைவு பெறுக.

இவையெல்லாம் கைத்தொழிலின் பகுதி. இதனினும் அரியதொன்றை யாம் பிழைசெய்தே கற்றோம். எம்முள் ஒரு தோழர் மூன்று நாளும் தெர்மோகோல் அட்டையைத் தோள் நோவப் பிடித்து நின்றார். மழையிற் காமிராவிற்குக் குடை பிடித்தவரும் அவரே, தாம் நனைந்தார். படம் முடிந்து வகுப்பறையிற் காட்டியபோது, இறுதியில் ஓடிய பெயர்களுள் அவர் பெயர் இல்லை. எவரும் வேண்டுமென்று விட்டதன்று; இயக்கம், கதை, நடிப்பு, காமிரா என எழுதிச் சென்ற கைக்கு, அட்டை பிடித்தலும் ஒரு தொழிலென்று தோன்றவில்லை. அவர் ஒன்றுங் கூறாது கைதட்டிச் சென்றார். அடுத்த படத்திற்கு அழைத்தபோது, வேலை இருக்கிறதென்றார். அதன் பின்னரே யாம் படத்தை மறுமுறை பார்த்து, பிழை கண்டு நாணினோம். அவர் பெயரைச் சேர்த்து மீண்டும் அதே வகுப்பறையில், அவரை அழைத்துவந்து காட்டினோம். இப்பொழுது எம் படங்கட்கு ஒளியமைப்பவர் அவரே.

டேனியலின் வரலாறு எமக்கு அன்றுதான் முழுதும் விளங்கிற்று. நிலம் விற்ற பொருளிழப்பைக் காட்டிலும் கொடியது, உழைத்தவர் பெயர் மறக்கப்பட்டமை. அதனினுங் கொடியது, நடிக்க முன்வந்த ரோசியைத் துரத்திய கூட்டத்தாரின் கொடுமை. படம் எடுப்பவர் தம்மை நம்பிக் காமிராமுன் நிற்பவர்க்குக் காவலாதல் வேண்டும். நடித்த மங்கை ஒருவரைப் பற்றி எவரேனும் இழிவாகப் பேசின், அப்பேச்சு குழுவனைவர்க்கும் உரியதெனக் கொண்டு எதிர்நிற்றல் வேண்டும். ஒருவர் விரும்பாத காட்சியை, எத்துணை நன்றாயிருப்பினும், நீக்கிவிடுதல் வேண்டும்.

ஆகவே, நண்பர்காள், கருவி வாங்கும்வரை காத்திராதீர். மூவரோ நால்வரோ கூடி, ஐந்து நிமிடக் கதையொன்றை வரும் விடுமுறையில் எடுத்து முடியுங்கள். அது நன்றாக அமையாது போகலாம். எமது முதற் படமும் அவ்வாறே அமைந்தது. ஆனால் முடித்த படம் ஒன்று, முடியாத எண்ணங்கள் நூறு கற்பியாதவற்றைக் கற்பிக்கும். எடுக்கத் தொடங்குமுன் ஒரு தாளில் உடன் உழைப்பார் அனைவர் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் கொண்டுவருவார் பெயரும் அதில் இருக்கட்டும். படம் முடிந்தபின் அத்தாளை எடுத்து, ஒரு பெயரும் விடாது திரையில் ஏற்றுங்கள். பொருட்செலவிற் சிக்கனம் அழகு. நன்றியிற் சிக்கனம் அழகன்று.